‘இசை மட்டுமே’: திரையில் சீறாவும் பின்னணி இசைத் தேர்வும்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மும்பையின் ரஸா அகாடமி, ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் ‘முஹம்மத்: இறைத்தூதர்’ என்னும் திரைப்படத்திற்கு எதிராக ஃபத்வா ஒன்றை வெளியிட்டது. அத்தீர்ப்பு இயக்குநரோடு நிற்கவில்லை. படத்திற்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மானையும் அது பங்காளியாக்கியது. சில நாட்களில் ரஹ்மான் அளித்த விளக்கம் பணிவும் நிதானமும் உடையதாயிருந்தது. தாம் மார்க்க அறிஞர் அல்லர் என்றும், அப்படத்தைத் தாம் இயக்கவுமில்லை தயாரிக்கவுமில்லை, இசை மட்டுமே அமைத்ததாகவும் அதில் கூறியிருந்தார்.

அச்சர்ச்சையை மீண்டும் கிளறுவது நமது நோக்கமன்று. அவ்விளக்கத்தில் வந்த ‘மட்டுமே’ என்னும் ஒரு சொல்லே இங்கு நமது ஆய்வுக்குரியது. இசையமைப்பாளர் ஒருவர் தற்காப்பாக அதனைச் சொன்னது இயல்பே. ஆயின் அது அவர் ஒருவருடைய கருத்தன்று. படம் எடுப்போரும் பார்ப்போரும் ஏன், கண்டிப்போரும்கூடப் பின்னணி இசையைப் படைப்பின் ஓரத்தில் கிடக்கும் துணைப்பொருளாகவே கருதி வருகின்றனர். தமிழில் நாம் அதற்கு வழங்கியுள்ள பெயரே அப்படிப்பட்டது: பின்னணி. முன்னே நடப்பது ஒன்று, பின்னே ஒலிப்பது வேறொன்று என்னும் பொருள் அதில் உறைந்து கிடக்கிறது.

அரபு மொழி இவ்விடத்தில் வேறு வழி சென்றிருக்கிறது. திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வரும் இவ்வகை இசையை இன்றைய அரபியர் ‘அல்-மூஸீக்கா அத்-தஸ்வீரிய்யா’ என்கின்றனர். சித்திரிக்கும் இசை, உருவம் வரையும் இசை என்பது அதன் பொருள். ‘தஸ்வீர்’ என்பது நமது ஃபிக்ஹு நூல்களில் உருவப்படம் வரைதல் பற்றிய பாடத்திற்குரிய அதே சொல். ‘ஸூரத்’ எனும் உருவமும், ‘முஸவ்விர்’ எனும் ஓவியனும் பிறக்கும் வேர் அதுவே. அரபுப் பத்திரிகையாளர்கள் ஃபிக்ஹை நினைத்து இச்சொல்லைப் புனைந்திருக்க மாட்டார்கள். ஆயினும் மொழி சில வேளைகளில் தன்னைப் பேசுவோரைக் காட்டிலும் கூர்மையாகச் சிந்தித்துவிடுகிறது. பின்னணி இசை ஒரு தஸ்வீர். அப்படியாயின், எந்த உருவத்தைக் கண்ணுக்குக் காட்டலாகாது என்று இந்தச் சமுதாயம் கண்ணுங்கருத்துமாய்க் காத்து வந்ததோ, அதனைச் செவிக்கு யார், எவ்விதம் வரைந்து காட்டுகிறார் என்று கேட்பது நமது கடமையாகிறது.

இசைக்கருவிகள் கூடுமா கூடாதா எனும் சட்டப் பிரச்சினையில் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்து யாது, அதனின்றும் விலகி இப்னு ஹஸ்ம் (ரஹ்) கொண்ட நிலை யாது என்பன நம் வாசகர்கள் அறிந்தவையே. அவ்விவாதத்தை இங்கு விரிக்கவில்லை. விலக்கு என்பார் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்கிறார். ஆகும் என்பார் அத்துடன் சிந்தனையை முடித்துக்கொள்கிறார். இவ்விரு மௌனங்களுக்கும் நடுவே, படத்தொகுப்பு அறையில் அமர்ந்திருக்கும் இளைஞன் ஒருவன் ஏதோவொரு இசைத்துண்டைத் தேர்ந்தெடுத்துச் சீறாவின் ஒரு காட்சிக்குக் கீழே ஒட்டிவிடுகிறான்.

அவன் தேர்ந்தெடுக்கும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஊமைப்பட காலத்தில் கொட்டகைகளில் பியானோ அல்லது ஆர்கன் வாசிப்போர், திரையில் ஓடும் காட்சிக்கேற்ப உடனுக்குடன் இசை மாற்ற வேண்டியிருந்தது. அவர்களுக்கு உதவுமுகமாக ஏர்னோ ராப்பே என்பார் 1924இல் நியூயார்க்கில் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டார். அதில் இசைத்துண்டுகள் 52 மனநிலைகளாகவும் சந்தர்ப்பங்களாகவும் பகுக்கப்பட்டிருந்தன. வாசிப்பவர் தேடித் திகைக்காதிருக்கப் பட்டியல் முழுவதும் பக்கத்தின் ஓரத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. போர், துரத்தல், இறுதி ஊர்வலம், சோகம், தூய்மை, ரயில் வண்டி என அது நீள்கிறது. அப்பட்டியலில் ‘சமயம்’ ஒரு தலைப்பு. ‘கீழைத்தேயம்’ வேறொரு தலைப்பு. சீனம் முதல் மொராக்கோ வரையுள்ள மக்கள் அனைவரும் ஒரே ‘மனநிலை’யாகிவிட்டனர்! ஆங்கில அகரவரிசையின் தயவில் அந்தக் ‘கீழைத்தேயம்’ களியாட்டத்தை அடுத்து அமர்ந்திருப்பது தற்செயலே என்று நாம் நல்லெண்ணம் கொள்வோமாக.

இலண்டனில் 1909இல் தோன்றிய டி உல்ஃப் போன்ற நிறுவனங்கள் இத்தகைய ஆயத்த இசையைப் பெருந்தொழிலாக வளர்த்தன. இசைத்தட்டுகளும் குறுந்தகடுகளும் வந்து, இன்று கணினியில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரம் துண்டுகள் வரிசையில் நிற்கின்றன. கருவி மாறிற்று, பட்டியலின் மனம் மாறவில்லை. ‘அரபு’ என்று தேடினால் பாலைவனமும் ஒட்டகமும் ஆபத்தும் வரும். ‘ஆன்மிகம்’ என்று தேடினால் நெடிய ஒற்றைச் சுருதியும், தொலைவில் விம்மும் ஒரு குழலும் வரும்.

அந்தப் ‘பாலைவன’ ஒலி பெரும்பாலும் ஹிஜாஸ் மகாமின் ஒரு துண்டுதான். அதன் இரண்டாம் சுரத்திற்கும் மூன்றாம் சுரத்திற்கும் இடையே விழும் அகன்ற இடைவெளியே மேலைச் செவிக்கு ‘கிழக்கு’ என்று அறிவிக்கும் முத்திரை. வேடிக்கை யாதெனில், அதே இடைவெளியோடு தொடங்கும் மாயாமாளவகௌளையில்தான் நமது நாட்டில் கர்நாடக இசை பயிலும் குழந்தைகள் சரளி வரிசையைத் தொடங்குகின்றனர். தஞ்சாவூரில் அது பாலபாடம், ஹாலிவுட்டில் அது அபாயச் சங்கு. பாங்கிலும் கிராஅத்திலும் அது வணக்கத்தின் குரல். ஒரு சுரக்கோவைக்குத் தன்னளவில் ஊரில்லை. ஊரைச் சூட்டுவது பட்டியல்தான்.

மனநிலைக்கேற்ப இசையைப் பகுத்தல் நமக்குப் புதியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அல்-ஃபாராபி (ஹி. 339 / கி.பி. 950) தம்முடைய ‘கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்’ எனும் பெருநூலில் பண்களை மூவகையாக்குகிறார்: இன்பம் தருவன, உணர்ச்சியைக் கிளர்த்துவன, உள்ளத்தில் உருவகங்களை எழுப்புவன. ஸைஃபுத் தவ்லாவின் அவையில் அவர் வாசித்து முதலில் அனைவரையும் சிரிக்கவும், பின்னர் அழவும், முடிவில் காவலாளி உட்பட உறங்கவும் வைத்துவிட்டு வெளியேறினார் என்று இப்னு கல்லிகான் ஒரு கதையைப் பதிவு செய்கிறார். அதை நம்புவதும் நம்பாதிருப்பதும் வாசகர் விருப்பம். ஆனால் ஃபாராபியின் மூன்றாம் வகை கவனிக்கத்தக்கது. இசை உருவகங்களை எழுப்பும் என்பதை அவர் அறிந்திருந்தார். மூஸீக்கா தஸ்வீரிய்யா எனும் பெயருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பொருள் இருந்தது.

இப்போது ‘தி மெசேஜ்’ படத்திற்கு வருவோம். ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த முஸ்தஃபா அக்காத் 1976இல் வெளியிட்ட இப்படம் முஸ்லிம் உலகம் முழுவதும் பரவியது. வளைகுடாவிலிருந்து வந்த வீடியோ கேசட்டுகள் வழியே நம்மூர் வீடுகளையும் அது எட்டிற்று. அக்காத் இறுதிவரை மார்க்கப் பற்றோடு தம் பணியைக் கண்டவர். 2005 நவம்பரில் அம்மான் நகர ஹோட்டல் குண்டுவெடிப்பில் மகளோடு அவர் உயிரிழந்தது வருந்தத்தக்கது. நாம் கீழே கூறுவன அவருடைய நிய்யத்தைக் குறித்தன அல்ல.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ படத்தில் இடம்பெறக் கூடாது என்பது அக்காத் ஏற்ற நிபந்தனை. அதை நிறைவேற்ற அவர் மூன்று உத்திகளைக் கையாண்டார். கேமராவே அண்ணலாரின் பார்வையாக நின்றது. பாத்திரங்கள் அதை நோக்கிப் பேசினர். அண்ணலாரின் கூற்றை ஹம்ஸா (ரலி), ஸைத் (ரலி) போன்றோர் வாயிலாகத் திரும்பச் சொல்ல வைத்தார். மூன்றாவதாக, அண்ணலார் அக்காட்சியில் இருப்பதை அறிவிக்க மெல்லிய ஆர்கன் இசை ஒலித்தது.

முதலிரண்டும் மூன்றாவதும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை இதுகாறும் நம்மவர் எவரும் போதிய அளவு எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை. பார்வை ஒரு வெற்றிடம், அதில் நிறமில்லை, முகமில்லை. திரும்பச் சொல்லப்படும் வார்த்தை நமது ரிவாயத் மரபுக்கே உரியது. ‘அல்லாஹ்வின் தூதர் இவ்வாறு சொன்னார்கள்’ என்று ஸஹாபி ஒருவர் அறிவிப்பதை நாம் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கேட்டு வருகிறோம். ஆனால் ஆர்கன் வெற்றிடமன்று, அறிவிப்புமன்று. அது ஒரு பண்பைச் சூட்டுகிறது. அதன் ஒலிக்கு ஒரு நிறம், ஓர் எடை, ஒரு பிறப்பிடம் உண்டு. அது தேவாலயத்தில் வளர்ந்து, ஊமைப்படக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்து, ராப்பேயின் பட்டியலில் ‘சமயம்’ எனும் தலைப்பின்கீழ் வாழ்ந்த வாத்தியம். உருவத்தை விலக்கிய அதே இடத்தில் ஒலியால் ஓர் உருவம் வரையப்பட்டுவிட்டது. இதற்கு ஐயம் உடையோர் அப்படத்தின் இசைத்தட்டைப் பார்க்கலாம். அதில் ஒரு பகுதியின் தலைப்பே ‘முஹம்மதின் இருப்பு’ என்று இருக்கிறது.

இசையமைத்த மொரீஸ் ஜார் (1924–2009) சாதாரணக் கலைஞர் அல்லர். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்றவர். ‘தி மெசேஜ்’ இசையும் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 1978இல் ‘ஸ்டார் வார்ஸ்’ இசையிடம் தோற்றது. தூதுவர்கள் குதிரையேறிப் பேரரசர்களை நோக்கி விரையும் தொடக்கக் காட்சியின் இசையில் கம்பீரமும் எளிமையும் ஒருங்கே உள்ளன. ஒருமுறை கேட்டவர் மறப்பதில்லை. குறை அவருடைய திறமையில் இல்லை. பாலைவனம், வீரம், பக்தி எனும் மூன்று தலைப்புகளுக்கும் தமது காலத்து ஐரோப்பியச் செவி எதை எதிர்பார்த்ததோ அதைச் செவ்வனே அவர் தந்தார். அவரிடம் கேட்கப்பட்டதும் அதுவே.

இன்னொரு செய்தி இதைத் தெளிவாக்கும். அக்காத் இப்படத்தை இருமுறை எடுத்தார். ஆங்கிலப் படத்தில் ஹம்ஸாவாக அந்தோணி குயின். ‘அர்-ரிஸாலா’ எனும் அரபுப் படத்தில் அப்துல்லாஹ் கைத். ஒரே காட்சியமைப்பில் இரு நடிகர் குழுக்கள் மாறி மாறி நடித்தன. அரபிக்கு ஆங்கிலப் படத்தைக் குரல்மாற்றிக் கொடுத்தால் போதாது, மொழி மாறினால் முகமும் மெய்ப்பாடும் மாற வேண்டும் என்று உணர்ந்த நுண்ணிய கலைஞர் அவர். அப்படிப்பட்டவர் இரண்டு படங்களுக்கும் இசையை மட்டும் மாற்றவில்லை. இசை எல்லோருக்கும் பொது என்று எண்ணியிருக்க வேண்டும். படத்தின் தொடக்கத்தில், அதன் நம்பகத்தன்மையை அறிஞர்கள் ஏற்றதாக ஓர் அறிவிப்பு வருகிறது. வரலாற்றுச் செய்திக்கு இப்னு இஸ்ஹாக்கையும் தபரியையும் வைத்து எடைபோடலாம். ஆர்கனை எந்தத் தராசில் நிறுத்தார்கள்?

பார்ப்பவருக்கு ஓர் அடையாளம் தேவையல்லவா என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணலாரின் பெயர் ஒலிக்கும் இடத்தில் இந்தச் சமுதாயத்திடம் ஏற்கெனவே ஓர் ஒலி இருக்கிறது: ஸலவாத். மௌலிது மஜ்லிஸில் ஒருவர் தொடங்க, அவையோர் தாழ்குரலில் இணையும் அந்த முணுமுணுப்பு, அன்னாரின் உருவத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. நேசிப்போரைப் பற்றி மட்டுமே சொல்கிறது. அக்காத்தின் பணத்திலும் உழைப்பிலும் நூற்றில் ஒரு பங்கு இத்திசையில் செலவாகியிருந்தால் திரைக்கலைக்கே ஒரு புதிய வழி கிடைத்திருக்கும் என்பது நமது துணிபு.

மஜீதியின் படம் இதிலிருந்து வேறுபட்டது. நமது பார்வையில் சிக்கல் கூடியது. உலகப் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ பணியாற்றிய இப்படம் அண்ணலாரின் பிள்ளைப் பருவத்தைக் கூறுகிறது. முகம் காட்டப்படாவிடினும் பின்புறத் தோற்றம் காட்டப்படுகிறது. அல்-அஸ்ஹர் உள்ளிட்ட நிறுவனங்களின் கண்டனம் இச்சித்திரிப்பையே மையமாகக் கொண்டிருந்தது. இசையைப் பற்றிக் கலைநோக்கோடு எவரும் ஆராயவில்லை. ரஹ்மானின் இசையில் தனித்தனியே எடுத்துக் கேட்டால் உருக வைக்கும் பகுதிகள் பல உள்ளன. ஆனால் படத்தோடு சேர்த்துக் காணும்போது பெரும் வாத்தியக் குழுவும் கோரஸும் ஓயாமல் நமது தோளைத் தட்டி ‘இதோ அற்புதம், வியப்படையுங்கள்’ என்கின்றன. வியப்பு நம்முள் பிறப்பதற்கு முன்பே இசை அதை முடித்துவிடுகிறது. மஜீதி முன்னர் எடுத்த ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் ஓர் ஏழைச் சிறுவனின் காலணியைக் கொண்டு நம்மை அழவைத்தவர். அங்கு அவர் நம்பிய அடக்கத்தை இங்கு ஏன் நம்பவில்லை? பொருள் பெரிதாகப் பெரிதாக இசையும் பெரிதாக வேண்டும் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது?

2012 ரமளானில் ஒளிபரப்பான ‘உமர்’ தொடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேர்வழி கலீஃபாக்களை நடிகர்களைக் கொண்டு காட்டியதால் அதிலும் விவாதம் முழுவதும் கண்ணைச் சுற்றியே நடந்தது. செவியை யாரும் விசாரிக்கவில்லை.

ஹபஷா நாட்டு மன்னர் நஜாஷியின் அவையில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதிய நிகழ்ச்சியை இங்கு நினைவுகூரலாம். மன்னரின் தாடி நனையுமளவு அவர் அழுததாகவும், அவருடைய பாதிரிமார் தம் கைச்சுவடிகள் நனைய அழுததாகவும் அன்னை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்க, இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். அந்த அவையில் வேற்று மொழியினர் அமர்ந்திருந்தனர். வாத்தியம் எதுவும் இல்லை. இக்காட்சியைத் திரைக்குக் கொண்டுவரும் எவரும் வயலின்களை நாடுவாராயின், நஜாஷியின் கண்ணீருக்கு வேறொரு காரணத்தைக் கற்பித்தவராகிறார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்திற்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டபோது, முஸ்லிம் அமைப்புகள் முன்வைத்த குறைகளுள் ஒன்று, வன்முறைக் காட்சிகளோடு திருக்குர்ஆன் ஓதும் ஒலி இணைக்கப்பட்டது பற்றியது. பேச்சுவார்த்தையில் சில இடங்களில் மாற்றம் செய்ய இணக்கம் ஏற்பட்டு, பிப்ரவரி 7ஆம் நாள் படம் இங்கு வெளியாயிற்று. தடை கோரியது சரியா தவறா என்பதில் நமக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் பின்னணியில் ஒலிப்பது காட்சிக்குப் பொருள் கற்பிக்கிறது என்ற அடிப்படை உண்மையை அன்று தெருவிலிருந்த இளைஞனும் உணர்ந்திருந்தான். வெட்டும் கத்திக்குக் கீழே கிராஅத் ஒலித்தால் கத்திக்குக் கிராஅத் காரணமாகிவிடும். சரியே. அப்படியானால் கிராஅத்தின் மொழிபெயர்ப்புக்குக் கீழே நாமே விம்மும் குழலை ஒலிக்கவிடும்போது என்ன நேர்கிறது? பிறர் படத்தில் பின்னணியாயிருந்து பொருள் தருவது நம் படத்தில் மட்டும் வெறும் பின்னணியாகிவிடுமா?

ரமளான் ஸஹர் நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும், கைப்பேசியில் வலம்வரும் பயான் துண்டுகளையும் தொடர்ந்து கவனிப்போர் அறிவர்: நரகம் என்றால் முழங்கும் முரசு, தாய் என்றால் பியானோ, மரணம் என்றால் காற்றின் ஊளை. கருவி கூடாது என்று கருதுவோர் ‘குரல் மட்டும்’ எனும் வழியைக் கண்டுபிடித்துள்ளனர். மனிதர் வாயால் முணுமுணுத்ததைக் கணினியில் நீட்டி, அடுக்கி, எதிரொலி சேர்த்து, வயலின் கூட்டத்தினின்றும் பிரித்தறிய இயலாதவாறு செய்துவிடுகின்றனர். சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. அவர்களுடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் நமது கேள்வி கருவியைப் பற்றியதன்று. ஆலிமின் வாக்கு தன் பலத்தில் நிற்க வேண்டிய இடத்தில், கேட்பவனின் நெஞ்சைப் பிசைய மறைவில் ஒரு கையை வைத்திருப்பது பற்றியது. அந்தக் கை குரலால் ஆனதா நரம்பால் ஆனதா என்பது இரண்டாவது விஷயம்.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ், ஹி. 505 / கி.பி. 1111) அவர்களைவிடத் துல்லியமாகச் சிந்தித்தவரை நாம் காணவில்லை. ‘இஹ்யா’வில் ஸமாஉ, வஜ்து பற்றிய பகுதியில் அவர்கள் வியப்பான ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள்: இறைவேதம் இருக்க, ஸூஃபிகள் ஏன் பாடகரை அழைத்துக் கவிதையைக் கேட்டு வஜ்தில் ஆழ்கின்றனர்? இதற்கு ஏழு காரணங்கள் கூறுகிறார்கள். பாடலைத் தாளக்கோலும் தஃப்பும் கொண்டு வலுவூட்டலாம், பாமரர் கண்ணில் அவை விளையாட்டின் சாயல் உடையவை, ஆகவே திருக்குர்ஆனை அவற்றினின்றும் காக்க வேண்டும் என்பது ஐந்தாவது. நம்மை நிறுத்தியது ஆறாவது. பாடகர் பாடும் அடி கேட்பவரின் அப்போதைய நிலைக்குப் பொருந்தாவிடில், அவர் அதை விரும்பாமல் ‘இதை விடுத்து வேறொன்று பாடுக’ என்று சொல்லிவிடக்கூடும். வேதத்தை நோக்கி அப்படிச் சொல்வது அடாது. ஆதலால் மனநிலைக்கேற்பத் தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ள இடத்தில் கவிதையை வைத்துக்கொள்ளட்டும், அவ்வுரிமை இல்லாத இடத்தில் வேதத்தை நிறுத்தட்டும் என்பது இமாமவர்களின் கருத்து.

ஸமாஉவை முற்றிலும் விலக்கியவர் அல்லர் கஸ்ஸாலி (ரஹ்). இசையின் ஆற்றலை அறிந்து, அதற்கு ஓர் இருக்கை தந்து, எல்லையையும் வகுத்தவர். அவருடைய ஆறாவது காரணம் ஆயத்த இசைப் பட்டியலின் அடிமடியில் கைவைக்கிறது. ‘மனநிலை’ என்னும் தலைப்பு, கேட்பவன் இந்நிமிடத்தில் என்ன உணர வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பது. வேத வசனம் ஓதப்படும்போது அத்தீர்மானம் எவர் கையிலும் இல்லை. ஒரே வசனம் ஒருவனை அச்சுறுத்தும். அருகில் அமர்ந்தவனுக்கு ஆறுதலாகும்.

பண்ணே கூடாதென்று இதற்குப் பொருளில்லை. முஹம்மத் ஸித்தீக் அல்-மின்ஷாவி (1920–1969), அப்துல் பாஸித் (1927–1988) போன்ற மிஸ்ர் நாட்டுக் காரிகள் வசனத்தின் பொருளுக்கேற்ப மகாம் மாற்றி ஓதும் நுட்பத்தைக் கேட்டவர் அறிவர். அங்கே பண் சொல்லுக்குள்ளிருந்து எழுகிறது. தஜ்வீதின் அளவுகளுக்கு அடங்கி நடக்கிறது. எல்லாவற்றிலும் மேலாக, அது நிறுத்துகிறது. வக்ஃபுக்கு நம்மிடம் ஒரு தனி இலக்கணமே உண்டு: எங்கே நின்றாக வேண்டும், எங்கே நிற்கலாம், எங்கே நின்றால் பொருள் கெடும் என்பதற்கெல்லாம் முஸ்ஹஃபில் குறியீடுகள் உள்ளன. பின்னணி இசைக்கு வக்ஃபு தெரியாது. காரி மூச்சை நிறுத்தும் இடத்தில் அது புகுந்து இடைவெளியை நிரப்பிவிடுகிறது. நின்றதே கேட்பவனுக்குத் தெரிவதில்லை.

தேர்வின் வறுமைக்கு வேறொரு வகை எடுத்துக்காட்டும் உண்டு. தென்கடற்கரை ஊர் ஒன்றின் பழைய கற்பள்ளியைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் கண்டோம். நல்ல ஒளிப்பதிவு, உழைத்து எழுதிய உரை. தூண்களின் தாமரைப் பீடங்களையும் போதிகைகளையும் காட்டி, தமிழ்ச் சிற்பிகளின் கைவண்ணத்தில் இஸ்லாம் இம்மண்ணில் வேரூன்றிய அழகை உரையாளர் விளக்கினார். அவ்வுரைக்குக் கீழே ஒலித்ததோ ஊதும் பாலைக்காற்றும். கண் ‘இது தமிழ் மண்’ என்றது. காது ‘இது வேற்று நாடு’ என்றது. நம்மை அந்நியர் என்பார்க்கு இதைவிட நல்ல சான்றை நாமே தயாரித்துத் தர முடியாது. அதே ஊரில் திங்கள்தோறும் புர்தா ஓதுகிறார்கள், ராத்திபு மஜ்லிஸ் உண்டு. மூதாட்டியர் வாயில் பைத்துகள் இன்னும் வாழ்கின்றன. பக்கீர்களின் தாயிரா ஒலி வேண்டுமானால் அதிக தூரம் போக வேண்டியதில்லை. ஹவுளில் தண்ணீர் மொள்ளும் ஓசையும், கல்தரையில் வெறுங்கால் படும் ஓசையும் அப்பள்ளியிலேயே கிடைத்திருக்கும். நாகூர் ஈ.எம். ஹனீஃபா (1925–2015) அவர்களின் பாடல்களில் வாத்தியங்கள் இருந்தன. ஆனால் அந்த வெண்கலக் குரலும் தமிழும் முன்னே நின்றன. எந்த ஊர்க்காரர் பாடுகிறார் என்று எவரும் கேட்க நேர்ந்ததில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் சிலர் இப்போது ஊடகத் துறையில் பணிபுரிகின்றனர். ரமளான் நிகழ்ச்சி ஒன்றிற்காக வள்ளுஹா அத்தியாயத்தை மொழிபெயர்ப்போடு பதிவு செய்த அவர்கள், அதற்குச் ‘சோகம்’ பொருந்துமா ‘அமைதி’ பொருந்துமா என்று கேட்டு இரண்டு இசைத்துண்டுகளோடு வந்தனர். கூடுமா என்று அவர்கள் கேட்கவில்லை. அதை நிலையத்தார் முன்பே முடிவு செய்துவிட்டிருந்தனர். நாமும் ஃபத்வா சொல்லாமல் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டோம். பதினொரு வசனங்கள். முதலில் முற்பகலின் மீதும் இரவின் மீதும் சத்தியம். பின்பு கைவிடப்படவில்லை என்னும் ஆறுதலும், வரவிருக்கும் கொடையின் வாக்குறுதியும். அடுத்து அநாதையாய், வழிதேடியாய், தேவையுடையவராய் இருந்த நாட்களின் நினைவூட்டல். இறுதியில் அநாதையையும் யாசிப்பவரையும் குறித்த கட்டளை, நன்றி கூறுமாறு ஏவல். இரண்டு நிமிடத்திற்குள் நான்கு திருப்பங்கள். ‘சோகம்’ என்று ஒட்டினால் வாக்குறுதி காணாமற் போகும். ‘அமைதி’ என்று ஒட்டினால் கட்டளையின் கூர் மழுங்கும். மேலும் இந்த அத்தியாயம் இறங்கிய சூழலே வஹீ சில காலம் நின்றிருந்து, குறைஷியர் ஏளனம் செய்த ஒரு மௌனத்திற்குப் பின்னர்தான் என்று முஃபஸ்ஸிர்கள் கூறுகின்றனர். அம்மௌனத்தை நிரப்ப நம்மிடம் இருக்கும் பொருள் யாது என்று அவர்களிடமே கேட்டோம்.

அவர்கள் இரண்டு துண்டுகளையும் திரும்ப எடுத்துச் சென்றனர். நிகழ்ச்சி ஓதல், சிறு இடைவெளி, மொழிபெயர்ப்பு, மீண்டும் இடைவெளி என்ற முறையில் ஒளிபரப்பாயிற்று. முதல் இடைவெளியின்போது நிலையத்தின் ஒலிப்பொறியாளர் கருவி பழுதாகிவிட்டதோ என்று பதறி எழுந்து கம்பிகளை ஆராய்ந்தாராம். இரண்டாவது இடைவெளிக்கு அவர் எழவில்லை என்று மாணவர் ஒருவர் பின்னர் நம்மிடம் தெரிவித்தார்.